புதுப்பிப்பு: அண்ணன் வீட்டு விஷயம், மூன்று மாதம் கழித்து

நூற்பாலை வேலை போனதும் அண்ணன் யாரோடும் பேசாமல் முடங்கிவிட்டார், வீட்டில் தினமும் சண்டை, மகளிர் குழுவின் சமுதாய வளப் பயிற்றுநர் (குழுக் குடும்பங்களுக்கு வழிகாட்டும் அக்கா) வந்து பேசுகிறேன் என்கிறார், வெளியாளை உள்ளே விடலாமா என்று அன்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விட்டோம்.

அந்த அக்கா முதல் நாள் அறிவுரையே சொல்லவில்லை. "மில்லுல என்ன வேலை பார்த்தீங்க தம்பி?" என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் காது கொடுத்தார். மெஷின் பழுது பார்த்த கதைகளை அண்ணன் சொல்லச் சொல்ல, அண்ணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகி பதினோரு வருஷம், அந்தக் கதைகளில் பாதி அண்ணிக்கே தெரியாதாம். எனக்கு அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பிறகு, வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் ரீவைண்டிங் (பழுதான மோட்டாருக்குக் கம்பிச் சுருளை மறுபடி சுற்றுவது) பயிற்சிக்கு அண்ணனைச் சேர்த்துவிட்டார். தங்குமிடம், சாப்பாடு உட்பட எல்லாம் இலவசம். பயிற்சி முடிந்த பிறகும் 2 ஆண்டுகள் தொடர்ந்து வழிகாட்டுவது அவர்கள் திட்டத்திலேயே உண்டு.

இப்போது ஊரில் கிணற்று மோட்டார்கள் வருகின்றன, வாரத்துக்கு இரண்டு மூன்று. சண்டை முழுதாக நிற்கவில்லை. ஆனால் வரவு செலவு நோட்டை இருவரும் சேர்ந்து எழுதுகிறார்கள்.

ஒன்று மட்டும்: அடி உதை நடக்கிற வீடென்றால் இப்படிப் பேசிப் பார்க்கக் காத்திருக்காதீர்கள், முதலில் பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள்.

வியாழக்கிழமை கடன் மனு எழுத அக்கா வருகிறார்.