விரலைத் தொடர்ந்து ஓடிய மீட்டர் முள்

ரொம்ப நாளாகக் கிடந்த முள் மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் கருவி) எடுத்தேன். முகப்பு முழுக்கத் தூசி. காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். புரோப் (அளக்கத் தொடும் கம்பி முனை) எதிலும் படவில்லை, ஆனாலும் முள் ஜீரோவை விட்டு மேலே நின்றது. ஜீரோ திருகைத் திருப்பிச் சரிசெய்தேன். 9 வோல்ட் பேட்டரியை வைத்தால் ஒரு முறை 7, அடுத்த முறை 8. முள்ளைத் திருப்பும் காயில் (கம்பிச் சுருள்) போய்விட்டது என்றே நினைத்துப் பின்மூடியைக் கழற்றப் போனேன். அப்போது விரல் முகப்பில் பட்டது. முள் அந்தப் பக்கம் சாய்ந்தது. விரலை நகர்த்தினேன், கூடவே வந்தது!

கோளாறு காயிலில் இல்லை, முகப்பின் பிளாஸ்டிக் மூடியில். துணி தேய்த்ததில் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் மின்கடத்தி இல்லையே, ஏறியது வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. என்னுடையது வோல்ட்டுக்கு 20,000 ஓம் ரகம். வெறும் 50 மைக்ரோ ஆம்பியருக்கே முள் கடைசிக் கோட்டைத் தொடும். முள்ளை ஜீரோவுக்குத் திருப்பும் அவ்வளவு மெல்லிய சுருள்வில்லை எதிர்த்து அதை இழுக்க மூடியில் இருக்கும் மின்னேற்றமே போதும்.

'ஹா' என்று மூடியில் மூச்சு விட்டேன். ஈரம் படிந்ததும் முள் இறங்கியது, ஆனால் ஜீரோவுக்குக் கீழே! திருகை நான் முன்பே திருப்பியிருந்தேன் அல்லவா. முள் தவறாக நின்றால் முதலில் மூச்சு விட்டுப் பாருங்கள், திருகு அப்புறம்.

மூச்சு ஈரம் காய்ந்து, மறுபடி துணி பட்டால் பழைய கதைதான். எனக்கு நிலைத்தது இது: ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் மெதுவாக ஒரு தடவல். கழுவக் கூடாது, தேய்க்கவும் கூடாது, தானாகக் காயட்டும். மேலே தங்கும் மெல்லிய சோப்புப் படலம் காற்றின் ஈரத்தைப் பிடித்து மின்னேற்றத்தைக் கசியவிடுகிறது. புரோபைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

*

மேலே எழுதியவருக்கு நடந்தது எனக்கும் நடந்தது, புது பேனல் மீட்டரில் (கருவிப் பலகையில் பொருத்தும் முள் மீட்டர்). முகப்பில் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளைச் சர்ரென்று உரித்தேன், முள் ஒரேயடியாக வலது ஓரம் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்துப் பார்த்தேன், அசையவில்லை. கரண்ட் காரணம் இல்லை என்று அதிலேயே தெரிந்துபோனது. சோப்புத் தண்ணீரில்தான் எனக்கும் சரியானது. அதற்கு முன்னால் வேறொரு மீட்டரைப் பெயிண்ட் தின்னர் தொட்டுத் துடைத்து, அக்ரிலிக் மூடி முழுக்க மயிரிழை வெடிப்பாகிவிட்டது. யாரும் அதைச் செய்யாதீர்கள்.

*

மேலே இருவரும் சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். சோப்பு போட்ட பிறகும் ஒரே இடத்தில் முள் சிக்கினால் அது நிலைமின்சாரம் இல்லை. என் மீட்டரில் அப்படி 3-இல் மட்டும் நின்றது. திறந்து பார்த்தால் காயில் சுழலும் காந்த இடைவெளியில் ஒரு பொடி இரும்புத் துகள். ஒட்டும் டேப்பின் ஓரத்தால் தொட்டு எடுத்தேன்.