புதுப்பிப்பு: பால் பைதான் (ball python, ஒரு வகை மலைப்பாம்பு) குட்டி சாப்பிட்டுவிட்டது

வீட்டுக்கு வந்ததிலிருந்து இரையைத் தொடவே இல்லை, எலியை நீட்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். நேற்றிரவு பாய்ந்து கவ்வி, சுற்றி இறுக்கி, முழுதாக விழுங்கிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பலன் தந்தது, நீங்கள் பலரும் சொன்ன மறைவிடம்தான் என்று நம்புகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் பகுதிகளில் இந்த இனம் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி வாழ்வது. திறந்த கண்ணாடித் தொட்டியில் அதற்கு நிம்மதி ஏது? சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என, உடல் சுவரில் உரசும் அளவுக்குக் குறுகிய இரண்டு மறைவிடங்கள் வைத்தேன். சூடான பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல். பிறகு ஒரு வாரம் கையில் எடுக்கவே இல்லை.

உறைந்த சுண்டெலியை முழுதாக உருக்கி, பையில் போட்டு வெந்நீரில் சூடாக்கினேன். மேலுதட்டில் உள்ள குழிகளால் இது வெப்பத்தை உணர்கிறது. ஆறிப்போன எலி அதற்கு இரையாகவே படாது. விளக்கணைத்த பின், நீண்ட இடுக்கியால் மறைவிட வாசலில் மெல்ல அசைத்தேன்.

வாயைத் திறந்து திணிக்கச் சொன்னவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். குட்டி மிரண்டுபோகும், வாயும் காயப்படலாம். எடை குறைந்துகொண்டே போனால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு நாள் தொடமாட்டேன், தொட்டால் கக்கிவிடக்கூடும். அடுத்த இரை அடுத்த வாரம்.