பத்து மாத நாய்க்கு அஜிலிட்டியில் எந்த நிலை வகுப்பு பொருந்தும்?

கேள்வி

வணக்கம். எங்கள் பெண் நாய்க்குப் பத்து மாதம் நிறைகிறது. கலப்பினம், எடை 19 கிலோ, ஆறாவது மாதத்தில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தோம். அடிப்படைக் கீழ்ப்படிதல் பயிற்சியை முடித்துவிட்டு, இப்போது அஜிலிட்டியில் (நாய் பலவகைத் தடைகளை வரிசையாகக் கடந்து ஓடும் விளையாட்டு) சேர்க்க விரும்புகிறோம். பயிற்சி நிலையத்தில் அடித்தள வகுப்பு, தொடக்க வகுப்பு, தடைகளைத் தொடர்ச்சியாக ஓடும் இரண்டாம் நிலை வகுப்பு என மூன்று இருக்கின்றன. அடித்தள வகுப்பில் எட்டு வாரமும் தரையில் கிடத்திய பலகை, நேரான டன்னல் (நாய் நுழைந்து ஓடும் குழாய்), கைக்குப் பின்னே திரும்பி வருவது ஆகியவைதாம் என்கிறார்கள். இவளோ தோட்டத்துக் குட்டிச்சுவரை ஓடிவந்து ஒரே தாவலில் தாண்டுகிறாள். அதைக் கேட்ட பயிற்சியாளர், நேராகத் தொடக்க வகுப்பிலேயே சேர்க்கலாம் என்கிறார். கீழ்நிலையில் விட்டால் சலித்துப் போவாளோ என்றும், மேல்நிலையில் விட்டால் தாங்க முடியாததைச் சுமத்திவிடுவோமோ என்றும் மாறி மாறித் தோன்றுகிறது. எதை அளவுகோலாகக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்?

முதல் பதில்

நீங்கள் சொன்னவற்றுள் என் கண்ணில் முதலில் பட்டது, சுவர் தாண்டுவது அன்று. ஆறாவது மாதத்தில் நடந்த கருத்தடைதான். வளரும் நாயின் நீண்ட எலும்புகளின் முனைகளை ஒட்டி, வளர்ச்சித் தட்டு எனப்படும் மென்மையான குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். நடுத்தர உடலமைப்புள்ள நாய்களில் அது பெரும்பாலும் ஓராண்டை ஒட்டி இறுகி எலும்பாகிவிடும், பெரிய இனங்களில் இன்னும் பல மாதங்கள் பிடிக்கும். வளர்ச்சி முடியும் முன்பே கருத்தடை செய்துவிட்டால், தட்டுகளை மூடச் செய்யும் ஹார்மோன்கள் குறைந்து, மூடுவது தள்ளிப் போகிறது. ஆகவே உங்கள் நாயின் எலும்பு, அதன் வயதைக் காட்டிலும் இளையதாகவே இருக்கக்கூடும்.

அது தானாக ஒருமுறை சுவர் தாண்டுவதற்கும், வகுப்பில் ஒரு மணி நேரத்தில் முப்பது நாற்பது முறை அதே தடையைத் தாண்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தரையிறங்கும்போது எடை முழுவதையும் முன்னங்கால்கள் வாங்குகின்றன. கூரைபோல இரு பக்கமும் சரிந்த, சுமார் 1.7 மீட்டர் உயரமுள்ள ஏ-ஃபிரேமின் சரிவில் வேகமாக இறங்கும்போதும் அப்படியே. 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட பன்னிரண்டு வீவ் கம்பங்களுக்கிடையே வளைந்து ஓடுவதோ முதுகையும் தோளையும் ஒவ்வோர் அடியிலும் பக்கவாட்டில் முறுக்குகிறது. பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பான எஃப்சிஐயின் விதிகளும் பிரிட்டனின் கென்னல் கிளப் விதிகளும் 18 மாதம் நிறையாத நாயைப் போட்டியில் அனுமதிப்பதில்லை, அமெரிக்கக் கென்னல் கிளப் 15 மாதத்தை வரம்பாக வைத்திருக்கிறது. உங்களுக்கு இன்னும் எட்டு மாதம்வரை கையில் இருக்கிறது.

என் கருத்தில் இப்போதைக்கு அடித்தள வகுப்புதான் சரி. தாண்டும் கம்பியின் உயரம் அவளது முழங்கைக்குக் கீழேயே இருக்கட்டும். உயரத்தைக் கூட்டும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டி, தட்டுகள் மூடிவிட்டனவா என்று எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

இரண்டாம் பதில்

மேலே சொன்ன காரணத்தை ஏற்கிறேன். ஆனால் எலும்பு இறுகிவிட்டது என்பதாலேயே மேல்நிலைக்குப் போய்விடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

என் ஆண் நாயை ஒன்றேகால் வயதில், அடித்தள வகுப்பு இல்லாமலே தொடக்க வகுப்பில் சேர்த்தேன். உடலில் குறை ஒன்றும் இல்லை, துணிச்சலும் நிறைய. மூன்றாம் வாரம் சீசா, அதாவது நடுவில் தாங்கி ஏறி இறங்கும் பலகை. உயரத்தில் அசையாமல் நிற்கும் நடைபலகையான டாக் வாக் போன்றதுதான் என்று எண்ணி விறுவிறுவென்று ஏறியவன், நடுவைத் தாண்டியதும் பலகை காலடியில் சரிந்து 'படார்' என்று தரையில் அறைந்த சத்தத்தில் பக்கவாட்டில் குதித்துவிட்டான். அடி ஏதும் படவில்லை. ஆனால் அடுத்த வாரம் மைதானத்தின் வாசலிலேயே, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, உயிராக விரும்பும் கோழித் துண்டைக்கூட வாயில் வைத்திருந்து கீழே விட்டுவிட்டான். அந்தக் கோழித் துண்டு இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. பலகையின் அடியில் தடித்த மெத்தையை வைத்து, அவனே முன்னங்காலால் நுனியை அழுத்தி ஓசை எழுப்பினால் தின்பண்டம் என்று தொடங்கி, விரலளவாக உயரத்தைக் கூட்டி, அந்தப் பயத்தைக் கரைக்க நான்கு மாதம் ஆயிற்று. அடித்தள வகுப்பில் எட்டு வாரம் இருந்திருந்தால், ஆடும் பலகையும் ஓசையும் அவனுக்கு முன்பே விளையாட்டாகப் பழகியிருக்கும்.

வகுப்பைத் தீர்மானிக்கும் முன் நீங்களே மூன்றைச் சோதித்துப் பாருங்கள். வேறொரு நாய் அருகில் ஓடிக்கொண்டிருக்கும்போது, கயிறு இல்லாமல் அழைத்தால் உங்களிடம் வருகிறாளா? உட்கார வைத்துவிட்டுப் பத்து அடி நடந்து திரும்பும்வரை அங்கேயே இருக்கிறாளா? நான்கு கால்களும் மட்டும் கொள்ளும் ஒரு தாழ்ந்த பெட்டிக்குள் ஏறி, பின்னங்கால்களையும் தேடி உள்ளே வைக்கிறாளா? பல நாய்களுக்குத் தமக்குப் பின்னங்கால் இருப்பதே நினைவில் இருப்பதில்லை. டாக் வாக்கில் கால் தவறுவதற்கு அதுவே பெரிய காரணம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்றையும் சோதித்தேன். உட்கார்ந்து காத்திருப்பதில் குறையில்லை. பெட்டிக்குள் முன்னங்கால்களை வைத்துவிட்டு, பின்னங்கால்கள் வெளியே நிற்பதே தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு நாய் ஓடியபோது ஐந்து முறை அழைத்தேன், இரண்டு முறைதான் வந்தாள். அடித்தள வகுப்பு என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். இருப்பினும் சலிப்பு குறித்த கவலை போகவில்லை.

மூன்றாம் பதில்

சலிப்பு வகுப்பின் பெயரால் வருவதில்லை, காத்திருப்பதால் வருகிறது. பத்து நாய்களுக்கு ஒரு பயிற்சியாளர் என்றால், எந்த நிலையானாலும் ஐம்பது நிமிடம் கயிற்றின் முனையில் நின்று குரைக்கத்தான் கற்றுக்கொள்ளும். ஆகையால் சேரும் முன் நாயில்லாமல் ஒருநாள் சென்று, ஒரு நாய்க்கு எத்தனை முறை வாய்ப்பு வருகிறது, அடுத்த முறை வரும்வரை அதை எங்கே வைக்கிறார்கள், தவறு செய்த நாயிடம் பயிற்சியாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். ஆறு நாய்களுக்கு மேல் இல்லாத குழுவாக இருந்தால் நல்லது.

இன்னொன்று. இந்த விளையாட்டு 1978-இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைத் தாண்டல் போட்டியின் சாயலில், பார்வையாளர்களின் பொழுதுபோக்குக்காக முதன்முதலில் நிகழ்த்தப்பட்டது. அதனால்தானோ என்னவோ பலரும் இதைத் தாண்டும் போட்டியாகவே எண்ணுகிறார்கள். ஓட்டத்தில் நாய் இடைவிடாமல் படிப்பது உங்கள் தோளையும் பாதத்தையும்தான். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்களோ, அதைக் கொண்டே அடுத்த தடை எது என்று அது அறிகிறது. அடித்தள வகுப்பின் பாதி நேரம் நமக்கான பயிற்சி. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல நாயை அழைத்து ஓடுவதற்கே எனக்கு ஆறு வாரம் பிடித்தது.

நீங்கள் அழைக்கும்போது ஐந்துக்கு நான்கு முறையாவது அவள் திரும்பி வந்து, பெட்டிக்குள் பின்னங்கால்களைத் தானே வைக்கவும் தொடங்கிவிட்டால், எட்டு வாரம் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்; தொடக்க வகுப்புக்கு மாற்றச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். கம்பியை மட்டும் எக்ஸ்ரே பார்க்கும்வரை தாழ்வாகவே வைக்கச் சொல்லிவிடுங்கள்.