கொழும்பில் பழைய ஓட்டு வீடு எடுக்கிறீர்களா? கூரையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

மதுரையிலிருந்து வேலை மாற்றலாகி இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் (Galle Road) கடலுக்கும் நடுவே ஒரு பழைய ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். புதிதாக வருகிற நம் ஆட்கள் பலர் அடுக்குமாடி வாடகை கட்டுப்படியாகாமல், இல்லையென்றால் முற்றம், மாமரம், காற்றோட்டம் என்று ஆசைப்பட்டு தெஹிவளை, நுகேகொட, கொட்டாஞ்சேனைப் பக்கம் பழைய தனி வீடாகத் தேடுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் வீடு பார்க்கப் போகும்போது எல்லாரும் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள், ஏசி வேலை செய்கிறதா என்று கேட்கிறார்கள், கூரையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

நம் ஊர்க் கணக்கு இங்கே உதவாது. சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் கொழும்பில் சுமார் 2,400. அதுவும் ஐப்பசி, கார்த்திகையோடு முடிகிற மழை இல்லை. மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து மழையைச் சாய்த்து அடிக்கும், அப்புறம் அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். நேராக விழும் மழையைத் தாங்குகிற ஓடு, சாய்ந்து வரும் மழைக்கு வழி விட்டுவிடும். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதம்தான் ஓரளவு காய்ந்திருக்கும். கூரை வேலை எதுவானாலும் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிக்கப் பாருங்கள். மார்ச் பாதியிலிருந்தே சாயங்கால மழை எட்டிப்பார்க்கத் தொடங்கிவிடும், ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

நாங்கள் குடிவந்தது ஏப்ரல். மே மாதம் மூன்றாவது வாரம், கட்டிலுக்கு நேர் மேலே சீலிங் பலகையில் தேநீர்க் கறை போல ஒரு வட்டம். மறுநாள் சொட்ட ஆரம்பித்தது. அவசரத்தில் கிடைத்த ஒருவரைக் கூப்பிட்டேன், அவர் மேலே ஏறி ஓடும் ஓடும் சேருகிற இடத்தில் எல்லாம் சிமெண்ட் பூசிவிட்டு இறங்கினார். இரண்டு வாரத்தில் முன்பைவிட அதிகமாக ஒழுகியது. இந்த வகை ஓடு, அதாவது நம் ஊர் மங்களூர் ஓடு, ஒன்றோடு ஒன்று கோத்து, தண்ணீர் ஓடுவதற்கென்றே பக்கவாட்டில் பள்ளம் வைத்துச் செய்யப்பட்டது. அதில் சிமெண்டை அடைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே திரும்பும். முகட்டு ஓட்டுக்குச் சாந்து வேண்டும், நடுவில் இருக்கிற ஓட்டுக்கு வேண்டாம். இதை யார் செய்ய வந்தாலும் நிறுத்துங்கள்.

அடுத்து வந்தவர் ஓட்டையெல்லாம் இறக்கிவிட்டு அஸ்பெஸ்டாஸ் தகடு போட்டுவிடலாம், நாலு நாளில் முடியும் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. வீட்டுக்கார அன்ரி பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "தம்பி, சீற் போட்டா மத்தியானத்தில உள்ளுக்க இருக்கேலாது, அடுப்பு மாதிரிக் கொதிக்கும். ஓட்டில பிழை இல்லை, மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கோ." அவர் சொன்னதுதான் கடைசியில் உண்மையானது.

மூன்றாவதாக மொறட்டுவையிலிருந்து வயதான ஒரு பாஸ் வந்தார். இங்கே மேஸ்திரி, தச்சர் எல்லாரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நேரே ஏணி போடாமல், பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு சீலிங் கதவு வழியாக உள்ளே ஏறினார். இருட்டில் ஓட்டுக்கு இடையே வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன, ஆனால் கட்டிலுக்கு மேலே ஒன்றுகூட இல்லை. கைமரத்தில் ஓடிய ஈரத் தடத்தை டார்ச் அடித்துப் பின்பற்றிக்கொண்டே போனார், ஒன்பது அடி தள்ளி, பின்னால் கட்டிய சமையலறைக் கூரையும் பழைய கூரையும் சேருகிற பள்ளத்தில் போய் நின்றது. அங்கே போட்டிருந்த தகரம் கடல் காற்றில் துருப்பிடித்து சல்லடையாக இருந்தது. பக்கத்திலிருந்த ரீப்பர் சட்டத்தில், அதாவது ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், ஸ்குரூ டிரைவரைக் குத்தினார், ஊறிய ரஸ்க்கில் இறங்குவது போல கைப்பிடி வரை இறங்கியது. கறையானும் ஈரமும் சேர்ந்து தின்ற மரம். சட்டம் தொய்ந்ததால் மேலே இருந்த ஓடு இறங்கி வாய் பிளந்திருந்தது, அவ்வளவுதான். ஓடு ஒன்றுகூட உடையவில்லை.

அதனால் சொல்கிறேன், கறை தெரிகிற இடத்திலேயே எப்போதும் ஒழுகுவதில்லை. வீடு பார்க்கப் போகும்போதே ஒரு டார்ச்சும் ஸ்குரூ டிரைவரும் கொண்டு போங்கள், உள்ளே ஏறிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தெருவில் நின்று முகட்டுக் கோட்டைப் பாருங்கள், நேராக இல்லாமல் நடுவில் தொய்ந்திருந்தால் பிரச்சினை மரத்தில். காய்ந்த காலத்தில் சோதிக்க வேண்டுமானால் தண்ணீர்க் குழாயைக் கூரையின் அடியிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் பிடித்து, உள்ளே ஒருவரை நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எங்கே புகுந்தது என்றே தெரியாது.

நாம் சீமை ஓடு, மங்களூர் ஓடு என்று சொல்வதை இங்கே கலிகட் ஓடு என்பார்கள். கோழிக்கோட்டிலிருந்து கப்பலில் வந்ததால் அந்தப் பெயர். 1865ல் மங்களூரில் பேசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழில்தான் இதற்கெல்லாம் மூலம். பழைய வீட்டில் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் செய்த ஆலையின் முத்திரை இருக்கும். ஓடு மாற்றும்போது அந்த முத்திரையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு ஆலையின் ஓடு இன்னொன்றோடு சரியாகக் கோக்காது, அரை அங்குல வித்தியாசம் போதும் ஒழுகுவதற்கு. இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஓடு விற்பனைக்குக் கிடைக்கும், புதிய ஓட்டைவிட அதுதான் பொருந்தும். ஆணி, திருகு, தகடு வாங்க பழைய சோனகத் தெருவுக்குப் போங்கள். கடலோரத்தில் சாதாரண இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம். துருப்பிடிக்காததாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு தங்கச்சி, நாங்கள் எடுத்த வீட்டில் அஸ்பெஸ்டாஸ்தான் இருக்கிறது, குழந்தை இருக்கிறது, காலி செய்துவிடவா என்று கேட்டிருந்தார். பயப்பட வேண்டாம்மா, ஆனால் கவனமாக இருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகை அஸ்பெஸ்டாஸையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கையில் நீல வகை 1987ல் தடை செய்யப்பட்டது. வெள்ளை வகையையும் 2018 முதல் கட்டுப்படுத்த அரசு எடுத்த முடிவு 2017 டிசம்பரில் கைவிடப்பட்டது, தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததென்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்திய அதே மாதம். இலங்கைக்கு அதிகமாக அஸ்பெஸ்டாஸ் விற்கும் நாடும் ரஷ்யாதான். தகடு முழுசாக, சிமெண்டோடு இறுகி இருக்கும்வரை நார் எளிதில் பறக்காது. அறுப்பது, துளை போடுவது, உடைப்பது, பாசியைச் சுரண்டுவது, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, இவைதான் ஆபத்து. ஃபேன் மாட்ட, டிஷ் மாட்ட என்று யாரையும் அதில் துளை போட விடாதீர்கள். சீலிங் கிழிந்திருந்தால் உடனே அடைக்கச் சொல்லுங்கள். தகட்டை இறக்கும் நாளில் குழந்தையை வேறு வீட்டில் விடுங்கள், தகட்டை நன்றாக நனைத்து முழுசாக இறக்கச் சொல்லுங்கள், தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்துக் கட்டிப் போடுங்கள். யாரும் அந்தத் தகட்டின் மேல் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது, வயதான தகடு சொல்லாமல் உடையும், பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும்.

பீலி, அதாவது கூரை வாய்க்கால், இங்கே பெரிய விஷயம். மாவிலை அடைத்து அதில் தண்ணீர் நின்றால் டெங்கு கொசு வளரும். 2007ஆம் ஆண்டின் நுளம்பு (கொசு) பெருகுவதைத் தடுக்கும் சட்டப்படி பி.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பார்த்து வழக்குப் போடலாம். மாதம் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள், முடிந்தால் பீலியையே எடுத்துவிட்டு தண்ணீரை நேரே கீழே விழ விடுங்கள்.

இரவில் மேலே யாரோ நடப்பது போலச் சத்தம் கேட்டால் அது மரநாய். ஓட்டை நகர்த்தி உள்ளே வந்து குட்டி போடும். சுவரும் கூரையும் சேரும் இடுக்கில் கம்பி வலை அடிக்க வேண்டும், அதற்கு முன் குட்டி உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு அடியுங்கள், பாவம் தாய் வெளியே நின்று இரவு முழுக்கக் கத்தும்.

காசு விஷயம். கூரைப் பழுது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. நாங்கள் செலவை வாடகையில் கழிப்பதாக அன்ரியோடு பேசி எழுதிக்கொண்டோம். சின்ன வேலைக்கு நாள் கூலி சரி, "தவஸட கீயத?" என்று சிங்களத்தில் கேட்டால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பாஸுக்கும் கையாளுக்கும் தனித்தனியாகச் சொல்வார்கள். முழுக் கூரை என்றால் சதுர அடிக் கணக்கில் பேசி, பாதிப் பணத்தை முதல் மழைக்கு அப்புறம் தருவதாகச் சொல்லுங்கள், நல்ல பாஸ் ஒத்துக்கொள்வார்.

எங்கள் வேலை ஒன்பது நாள் ஆனது. பள்ளத்துக்குப் புதுத் தகடு, பதினான்கு சட்டம் மாற்றம், மீதியெல்லாம் பழைய ஓடே. மிச்சமான இருபத்திரண்டு ஓட்டைப் பின்பக்கம் சுவரோரம் நிறுத்தி அடுக்கி வைத்திருக்கிறோம். போன வருடம் மாங்கிளை விழுந்து மூன்று உடைந்தபோது, அதிலிருந்து எடுத்து அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டோம்.