4294967297 பகு எண்தான், ஆனாலும் சோதனையில் தேறுகிறதே, ஏன்?

கேள்வி:
4294967297, அதாவது 2³² + 1. இது பகா எண்ணா என்று பார்க்க ஃபெர்மா சோதனைக்கு நிரல் எழுதி ஓட்டினேன். 2-ஐ 4294967296 ஆம் அடுக்குக்கு உயர்த்தி இதே எண்ணால் வகுத்தால், பகா எண்ணாக இருக்கும்பட்சத்தில் மீதி 1 வரவேண்டும், வருகிறது. 2-ஐ வைத்து, இதையே இன்னும் கடுமையாக்கிய மில்லர்-ராபின் சோதனையைச் செய்தாலும் தேறிவிடுகிறது. ஆனால் 641 × 6700417 போட்டால் இதே எண்! சோதனை எங்கே ஏமாறுகிறது? இந்த 641-ஐ முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்:
நிரலில் தவறில்லை, 2-ஐ வைத்துச் சோதிப்பதுதான் இங்கே வீண். 2³² என்பது உங்கள் எண்ணைவிட ஒன்று குறைவு, எனவே மீதியை −1 என்று வைத்துக்கொள்ளலாம். அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. சோதனையில் வரும் அடுக்கோ 64-இன் மடங்கு, அதனால் எண் பகாவோ பகுவோ, 1 வந்தே தீரும். 3-ஐ வைத்து ஓட்டிப் பாருங்கள், மீதி 1 வராது, உடனே மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு பதில்:
2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் பகா எண்கள் என்பதால் இந்த வரிசை முழுக்க அப்படித்தான் என்று ஃபெர்மா நம்பினார். அடுத்த எண்ணே உங்களுடையது, அதை 1732இல் ஆய்லர் உடைத்தார். அவர் கண்டமேனிக்கு வகுத்துப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு பகா எண் இதை வகுத்தால் அதற்கும் 2³²-இன் மீதி −1தான், அப்படியானால் 2-இன் அடுக்குகளுக்கு மீதி 1 வருவது 64-இன் மடங்குகளில் மட்டுமே. ஃபெர்மா சோதனைப்படி, பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்த அடுக்கிலும் மீதி 1 வரும், எனவே அந்த அடுக்கு 64ஆல் வகுபட்டாக வேண்டும். 64-இன் மடங்கோடு 1 கூட்டி வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே கிடைத்துவிட்டது! பின்னால் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 64-ஐ 128 ஆக்கலாம் என்று காட்டினார், அப்படிப் பார்த்தால் 257-க்கு அடுத்ததே 641தான்.

வகுக்காமலேயும் காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1, அதே 641 = 5⁴ + 2⁴. முதலாவதிலிருந்து 5 × 2⁷-க்கு மீதி −1, நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். ஆக −2³²-க்கு மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

கேட்டவர்:
அருமை, அந்த இரண்டு வடிவமும் ஒன்றாகச் சேரும் இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன். 6700417 மேலும் உடையாது என்று எப்படி உறுதி?

பதில்:
அதே வழிதான், 6700417-ஐ வகுக்கும் பகா எண் 2³² + 1-ஐயும் வகுக்குமே. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2588. அதற்குள் 128-இன் மடங்கோடு 1 கூட்டிய பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. ஐந்து வகுத்தல், மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் 0 இல்லை, அதனால் 6700417 பகா எண்.