ஊசி போடும் நாளில் நானும் வரலாமா?

தண்டையார்பேட்டை அப்பா:

நானும் என் பாப்பாவின் அம்மாவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரெண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளாததால் தண்டையார்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம், ரெண்டு வருஷம். பாப்பா பிறந்து ரெண்டு மாசத்தில் பிரிந்துவிட்டோம். யார் மேல் தப்பு என்று எழுதப் போவதில்லை. அவள் பாப்பாவோடு வியாசர்பாடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிரிவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஆறாவது வார ஊசி. புதன்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நல்ல கூட்டம். தொடையில் ஊசி போடும்போது மடியில் வைத்துக் காலைப் பிடித்துக்கொண்டது நான்தான். ராத்திரி ஜுரம் வந்தது. ஜுரத்துக்கான சொட்டு மருந்து கொடுத்துவிட்டு விடியும் வரை தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஐந்து மாசம் பாப்பா முகத்தைப் பார்க்கவில்லை. "கேட்க நீ யாரு? தாலி கட்டினியா?" என்று சொல்லாத ஆள் இல்லை.

முதலில் பார்த்த வக்கீல் குழந்தையையே வாங்கித் தருகிறேன் என்று பணம் வாங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மணலியில் கூட வேலை செய்யும் அண்ணன் சொல்லி, 15100க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேட்டேன். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 1987ஆம் வருஷச் சட்டப்படி அது உண்டு. அங்கே கிடைத்த வக்கீல் அம்மா முதல் நாளே உள்ளதைச் சொன்னார். 1956ஆம் வருஷ இந்து மைனர் கார்டியன் சட்டத்தின் 6ஆம் பிரிவில், கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு அம்மாதான் முதல் கார்டியன், அதாவது சட்டப்படிப் பொறுப்பாளர். அவருக்கு அப்புறம்தான் அப்பா. ஐந்து வயசு முடியாத குழந்தை பொதுவாக அம்மாவிடம்தான் இருக்கும். "இப்போதைக்குப் பார்க்கிறதுக்கு மனு போடுவோம் தம்பி. பால் குடிக்கிற குழந்தையை எந்த ஜட்ஜ் பிரிச்சுக் கொடுப்பார்?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவுக்கு ரெண்டாவது இடம் என்று சட்டத்திலேயே எழுதியிருப்பது இப்போதும் வலிக்கிறது.

1890ஆம் வருஷ கார்டியன் சட்டத்தின் கீழ் மனு போட்டோம். குழந்தை எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக் கோர்ட்டில்தான் போட வேண்டும். எங்களுக்கு ஹைகோர்ட் வளாகத்துக் குடும்ப நல நீதிமன்றம். டிஎன்ஏ டெஸ்ட் கேட்பார்களோ என்று பயந்தேன். நான்தான் அப்பா என்று அவளே எதிர்மனுவில் ஒத்துக்கொண்டதால் அந்தப் பேச்சு வரவில்லை. பிரசவத்தன்று நான் கையெழுத்துப் போட்ட பேப்பர், ஊசி அட்டை நகல், வாடகை ஒப்பந்தம், மாசாமாசம் அனுப்பிய ஜிபே கணக்கு, இவ்வளவும் கொடுத்தேன். பணத்தை ஒரு மாசமும் நிறுத்தவில்லை. பார்க்க விட்டால்தான் பணம் என்று சிலர் நிற்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெற்றவர்களுக்குக் கல்யாணம் ஆகாவிட்டாலும் ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144ஆம் பிரிவு.

கோர்ட்டில் நடந்த மூணாவது கவுன்சிலிங்கில் முடிவானது. ஞாயிறு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவள் அம்மா வீட்டில் பார்க்கலாம், ஊசி போடும் நாளில் நானும் வரலாம்.

முதல் ஞாயிறு பாப்பாவுக்கு ஏழு மாசம். என்னைக் கண்டதும் வீறிட்டு அழுதாள். ராத்திரி ஷிப்ட் முடித்து, ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தும் கையில் கிரீஸ் வாசனை போகவில்லை. அவள் அம்மா, அத்தைதான், "சட்டை பட்டன் குத்துதுப்பா, பனியனோட தூக்கு" என்றார். பாப்பா வசம்பு வளையல் போட்ட கையால் என் தாடியைப் பிடித்து இழுத்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிவிட்டாள். மிச்ச நேரம் முழுக்க நான் அசையவே இல்லை.

இந்த ரெண்டு மணி நேரத்தை எப்படிக் கூட்டுவது? இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

எர்ணாவூர் அப்பா:

தம்பி, நான் எடுத்ததுமே வாரத்தில் பாதி நாள் கேட்டு மனு போட்டேன். பையனுக்கு அப்போது எட்டு மாசம். பெரம்பூரிலிருந்து எர்ணாவூருக்கு வெயிலில் பஸ்ஸில் எப்படிக் கொண்டுவருவீர்கள், நடுவில் பாலுக்கு என்ன செய்வீர்கள் என்று ஜட்ஜ் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அம்மா, அப்பா ரெண்டு பேரிடமும் குழந்தை இருக்கும் ஜாயிண்ட் கஸ்டடியைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி 2015இலேயே சட்ட ஆணையம் 257ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் ரெண்டு பேரும் பேசி எழுதிக்கொடுத்ததைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஒரு வயசில் பகல் முழுக்க என்னோடு இருந்தான். பால்குடி மறந்த பிறகு ஒரு ராத்திரி. இப்போது மூணு வயசு. சனி காலையில் கூட்டிவந்தால் ஞாயிறு சாயங்காலம்தான் கொண்டுபோய் விடுகிறேன். முதல் ராத்திரி அழுது தீர்த்தான். அவன் அம்மாவின் பழைய புடவையைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன், அதைப் போர்த்திய பிறகுதான் தூங்கினான்.

கொருக்குப்பேட்டை அம்மா:

நான் எதிர்ப்பக்கம். என் பிள்ளையின் அப்பா மனு போட்டு நோட்டீஸ் வந்த அன்றைக்கு, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகப் போகிறார் என்றே நினைத்தேன். ஒரு மாசம் பகலிலும் கதவைத் தாழ் போட்டே வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம்கூடப் பிள்ளையைக் கொடுக்கவில்லை. கல்யாணம் ஆகாத அம்மா, அப்பா பேரைச் சொல்லாமலே கார்டியன் ஆகலாம் என்று 2015இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. அதைக் காட்டியே மறுக்கப் பார்த்தேன். அவர் தானாகவே, என்னிடம் சொல்லாமல் தெருமுனைக்குக்கூடத் தூக்கிப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். சொன்னபடியே நடந்தார். பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் பன்னிரண்டு அடித்ததும் கையில் கொடுத்துவிடுவார், ஒரு நாளும் இன்னும் அஞ்சு நிமிஷம் என்று கேட்டதில்லை. நாலாவது வாரம் நானே, "இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றேன்.

தண்டையார்பேட்டை அப்பா:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. சொல்லாமல் தூக்கிப் போகமாட்டேன் என்று நானும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். வரும் புதன் ஒன்பதாம் மாசத் தட்டம்மை ஊசி. நேற்று அவளே மெசேஜ் அனுப்பினாள்: "பத்து மணிக்கு வந்துடு. நீயே பிடிச்சுக்க, என்னால பார்க்க முடியாது." லீவு சொல்லிவிட்டேன்.