ஹெல்வெலினில் ஒரு கோடை இரவு: ரெட் டார்ன் கரையா, மேட்டு முதுகா?

பென்ரித்வாசி:
நாடோடி நேற்றுப் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் கூடாரம் இல்லாமல் பிவி பையில் (தூக்கப்பைக்கு மேல் போடும் நீர்புகா உறை) படுக்க நினைக்கிற புதியவர்கள் யோசிக்கவே வேண்டாம். ஹெல்வெலின் மலையுச்சிக்குக் கீழே ரெட் டார்ன் குட்டையின் கரையில் படுங்கள். உச்சியைவிட ஒன்றரை டிகிரி சூடு, காற்றும் அடிக்காது" என்று எழுதியிருக்கிறார். இதை நம்பிப் போகிறவர்கள் விடிய விடிய நடுங்குவார்கள், அப்புறம் மலைப்பக்கமே தலைவைக்க மாட்டார்கள்.

ரெட் டார்ன் இருப்பது ஒரு குழிக்குள். மேற்கே ஹெல்வெலின் செங்குத்தாக நிற்கிறது, தெற்கே ஸ்ட்ரைடிங் எட்ஜ், வடக்கே ஸ்விரல் எட்ஜ். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் வேகமாகச் சூட்டை இழக்கும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, மூன்று பக்கச் சரிவிலிருந்தும் வழிந்து வந்து தேங்குகிற இடம் அந்தக் கரைதான். ஒன்றரை டிகிரி சூடாம்!

நாடோடி_லீட்ஸ்:
வாங்க ஐயா, எங்கே காணோமே என்று பார்த்தேன். நான் எதை எழுதினாலும் மறுநாள் உங்கள் மறுப்பு வந்துவிடும்.

கணக்கு எளிது. உச்சி 950 மீட்டர். டார்ன் 700 சொச்சம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். 230 மீட்டருக்கு ஒன்றரை டிகிரி. பள்ளிக்கூடப் பாடம். இதில் எது தப்பு?

பென்ரித்வாசி:
"சராசரியாக" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதுதான் தப்பு. அது பகலும் இரவும் கோடையும் குளிர்காலமும் சேர்ந்த சராசரி. ஜூன் மாதத் தெளிந்த இரவில் ஒரு குழிக்குள் அது செல்லாது. அந்த நேரத்தில் மேலே சூடு, கீழே குளிர் என்று தலைகீழாக மாறும். விடிகாலையில் உச்சியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம் படுத்திருக்குமே, அது ஏன் கீழே படுத்திருக்கிறது என்று யோசித்ததுண்டா?

வடமராட்சியான்:
அண்ணை, ஒரு சந்தேகம். டார்னிலை தண்ணி நிறைய இருக்குது. தண்ணி பகல் முழுக்க வெயிலை வாங்கி வைச்சுக்கொண்டு இரவிலை மெல்ல மெல்லத்தானே விடும்? அப்ப கரை கொஞ்சமாவது இதமா இருக்கோணுமே.

நாடோடி_லீட்ஸ்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். நன்றி தம்பி. ஒன்றரை டிகிரியோடு தண்ணீர்ச் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பென்ரித்வாசி:
தம்பி, கேள்வி நியாயமானது. பெரிய ஏரி என்றால் ஒத்துக்கொள்ளலாம், கீழே இருக்கிற அல்ஸ்வாட்டர் மாதிரி. ஆனால் ரெட் டார்ன் மலைக்குட்டை. தவிர, பனியாறு விட்டுப்போன மண்ணும் கல்லும் மேடாகக் குவிந்துதான் அங்கே தண்ணீர் தேங்குகிறது. தண்ணீரைத் தடுக்கிற அதே விளிம்பு குளிர்ந்த காற்றையும் தடுக்கும். போதாததற்கு ஈரம். விடியும்போது பிவி பையின் வெளிப்புறம் பனித்துளி வழியும், உள்ளே உங்கள் மூச்சும் வியர்வையும் துணியில் படிந்து தூக்கப்பையை நனைக்கும். காற்று ஓடாத இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையானாலும் இதே கதிதான்.

நான் சொல்லும் இடம் பர்க்ஹவுஸ் மூர். அதே மலையின் கிழக்குத் தோள். அதுவும் 700 மீட்டர் சொச்சம்தான். உயரம் ஒன்று, ஒன்று குழி, இன்னொன்று முதுகு. உங்கள் ஒன்றரை டிகிரிக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுங்கள், பார்க்கலாம்.

நாடோடி_லீட்ஸ்:
நான் ஒப்பிட்டது உச்சியோடு. நீங்கள் பர்க்ஹவுஸ் மூரை இழுத்துக்கொண்டு வருகிறீர்கள். போன வருஷம் தார்ப்பாய் விவாதத்திலும் இதே வேலைதான். நான் கயிறு பற்றிக் கேட்டேன், நீங்கள் முளைக்குச்சி பற்றி இரண்டு பக்கம் எழுதினீர்கள்.

உச்சியைவிட டார்ன் ஒன்றரை டிகிரி சூடு. இதை மறுக்க முடியுமா, முடியாதா?

கோவைக்காற்று:
இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளியங்கிரியில் ஆறாவது மலை ஆண்டி சுனையில் ராத்திரியில் முங்கி எழுந்து, ஈரத் துண்டோடு ஏழாவது மலை ஏறுகிற கூட்டம் நாங்கள். கையில் மூங்கில் தடி, தோளில் ஒரு போர்வை, அவ்வளவுதான். நீங்கள் 950 மீட்டருக்குப் பை, உறை, பாய் என்று வைத்துக்கொண்டு டிகிரி எண்ணுகிறீர்கள்.

பென்ரித்வாசி:
வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி தள்ளி, இது 54 டிகிரிக்கும் மேலே. இங்கே ஜூனில்கூடச் சாரலும் காற்றும் சேர்ந்தால் ஒரு போர்வையோடு படுத்தவரை மீட்புக்குழுதான் இறக்க வேண்டும். அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். தயவுசெய்து இங்கே படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வீரத்தைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

கோவைக்காற்று:
வீரம் என்று யார் சொன்னது? பக்தி. உங்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

மழைக்காதலி:
நான் பர்க்ஹவுஸ் மூரில் படுத்திருக்கிறேன். நீளமாக ஒரு கற்சுவர் போகும், அதன் மறைவில். ஆட்டுப் புழுக்கை இல்லாத இடமே கிடையாது. காலையில் முழங்காலுக்குப் பின்னால் ஒரு உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தது, கடுகைவிடச் சின்னது. இந்த ஊர் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். பென்ரித்வாசி ஐயா இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே?

பென்ரித்வாசி:
உண்ணி புதரிலும் உயரமான புல்லிலும் பிரக்கன் என்ற பெரணியிலும் இருக்கும், டார்ன் கரையிலும் இருக்கும். எங்கே படுத்தாலும் காலையில் உடம்பைத் தடவிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆடு படுத்த இடம் என்று முகம் சுளிக்கிறீர்கள். நான் தேடுவதே அதைத்தான். ஆடு ராத்திரிக்கு மேட்டில், ஈரமில்லாத இடமாகப் பார்த்துப் படுக்கும். புல் குட்டையாக, மெத்தென்று அமுங்கியிருக்கும். அங்கே முழங்காலை ஊன்றி முழு எடையையும் போடுங்கள். கால்சட்டையில் ஈரம் ஏறவில்லை என்றால் படுக்கலாம். கோரை கொத்துக் கொத்தாக நின்றால் அடியில் தண்ணீர், நகர்ந்துவிடுங்கள். அப்புறம் இரண்டு புல்லைக் கிள்ளி முகத்து உயரத்திலிருந்து விடுங்கள். நேரே காலடியில் விழுந்தால் மிட்ஜ் என்ற கடிக்கும் பொடிப்பூச்சி உங்களைத் தின்றுவிடும். மணிக்கு ஏழு மைல் காற்று அடித்தால் அந்தப் பூச்சியால் பறக்க முடியாது. "காற்றும் அடிக்காது" என்று நாடோடி பெருமையாகச் சொன்ன இடத்தில் அந்தி மங்கும்போது முகத்தை வெளியே நீட்டிப் பாருங்கள். கூடாரத்தில் வலைக்கதவு இருக்கும், சாதாரணப் பிவி பையில் என்ன இருக்கிறது?

நாடோடி_லீட்ஸ்:
மிட்ஜ் என்றால் ஸ்காட்லாந்து. இங்கே ஏதோ கொஞ்சம்.

வடமராட்சியான்:
கொஞ்சம் இல்லை அண்ணை. ஜூலையிலை கிரைஸ்டேல் டார்ன் பக்கம் போய்ப் பாருங்கோ.

நாடோடி_லீட்ஸ்:
தம்பியும் அந்தப் பக்கம் சாய்ந்தாச்சு. சரி.

சட்டம் பற்றி யாராவது பேசினீர்களா? இங்கிலாந்தில் நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் மலையில் இரவு தங்க உரிமை கிடையாது. ஸ்காட்லாந்தில் தங்க உரிமை தரும் 2003 சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தின் டார்ட்மூரில் மட்டும் தங்கலாம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. லேக் டிஸ்ட்ரிக்டில் எல்லாம் வழக்கம்தான். கடைசிக் கற்சுவருக்கு மேலே படுத்தால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது அந்த வழக்கம். பென்ரித்வாசி சொல்கிற இடம் சுவரை ஒட்டியே இருக்கிறது. எந்தப் பக்கம் படுக்கச் சொல்கிறார்?

பென்ரித்வாசி:
மேல் பக்கம். வேறு எந்தப் பக்கம்? இருட்டும் நேரத்தில் போய், விடிந்ததும் கிளம்பி, தீ மூட்டாமல், ஒரு காகிதம்கூட விடாமல் வருகிறவனை யாரும் கேட்பதில்லை. ஆனால் நல்ல வானிலை வந்த சனிக்கிழமைகளில் ரெட் டார்ன் கரையில் வரிசையாகக் கூடாரம், கருகிய புல், கல்லுக்கடியில் கழிவு. உங்களைப் போல "நேரே அங்கே போங்கள்" என்று எழுதுகிறவர்களால்தான் எல்லோரும் அதே இடத்தில் குவிகிறார்கள். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

மழைக்காதலி:
அது டார்ன் செய்த குற்றமா? உங்கள் பதிவைப் படித்துவிட்டு நாளைக்கு நூறு பேர் பர்க்ஹவுஸ் மூருக்குப் போனால்?

நாடோடி_லீட்ஸ்:
நல்ல கேள்வி. பதில் வராது பாருங்கள்.

போன வாரம் நான் டார்ன் கரையில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். விடிகாலை நான்கு மணிக்கு 7 டிகிரி. அதே நேரம் உச்சிக்கு முன்னறிவிப்பில் போட்டிருந்தது ஐந்தரை. ஒன்றரை டிகிரி வித்தியாசம். முடிந்தது கதை.

பென்ரித்வாசி:
வெப்பமானியை எங்கே வைத்தீர்கள்?

நாடோடி_லீட்ஸ்:
முதுகுப்பையில் தொங்கவிட்டிருந்தேன். அந்தப் பை கைத்தடியில் மாட்டியிருந்தது.

பென்ரித்வாசி:
ஆக, இடுப்பு உயரத்தில். பிவி பையில் படுக்கிறவர் இடுப்பு உயரத்திலா படுக்கிறார்? தெளிந்த இரவில் புல்லின் மட்டத்தில் அதைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். வானிலை நிலையங்கள் ஒன்றேகால் மீட்டர் உயரப் பெட்டியில் ஒரு அளவும் புல்மட்டத்தில் தனியாக இன்னொரு அளவும் எடுப்பது இதனால்தான். போதாததற்கு ஒரு பக்கம் அளவு, இன்னொரு பக்கம் முன்னறிவிப்பு. அன்றைக்கு வானம் எப்படி இருந்தது?

நாடோடி_லீட்ஸ்:
கொஞ்சம் மேகம்.

பென்ரித்வாசி:
மேகம் போர்த்தியிருந்தால் நிலம் அவ்வளவு சூட்டை இழக்காது, குளிர்காற்றும் அவ்வளவாக இறங்காது. நான் முதல் பதிவிலேயே மேகமில்லாத இரவு என்று எழுதினேன்.

நாடோடி_லீட்ஸ்:
அப்போது மேகம் இருந்தால் நான் சொன்னது சரிதானே!

கோவைக்காற்று:
அப்படியானால் உச்சியிலேயே படுத்தால் என்ன? சிலுவை வடிவத்தில் கல்லடுக்கு இருக்கிறதாமே. எந்தப் பக்கம் காற்று வந்தாலும் ஒரு மூலை மிஞ்சும்.

பென்ரித்வாசி:
அது நடந்து வருகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் இடம். ஜூனில் ஐந்து மணிக்கு முன்னாலேயே சூரியன் வந்துவிடும், சூரியோதயம் பார்க்க வருகிறவர்கள் அதற்கும் முன்னால் வந்து உங்கள் காலை மிதிப்பார்கள். திடீரென்று இடி இறங்கினால் ஒதுங்க இடமில்லை, கிழக்கே இறங்கும் இரண்டு முகடும் கத்தி முனை. நாடோடி, மேகம் இருந்த இரவின் அளவை வைத்துக்கொண்டு தெளிந்த இரவைப் பற்றிப் பேசாதீர்கள். அடுத்த தெளிந்த இரவில் வெப்பமானியைப் புல்லில் வையுங்கள். நான் அதே நேரம் பர்க்ஹவுஸ் மூரில் வைக்கிறேன்.

நாடோடி_லீட்ஸ்:
வெப்பமானி என்னுடையது, எங்கே வைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். உச்சியைவிட ஒன்றரை டிகிரி சூடு. பதிவை மாற்ற மாட்டேன்.

மழைக்காதலி:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பென்ரித்வாசி:
மாற்றாவிட்டால், அந்தப் பதிவுக்குக் கீழே நான் எழுதியதை அப்படியே ஒட்டுவேன். "சராசரி" என்ற சொல்லையாவது அதில் சேருங்கள்.

நாடோடி_லீட்ஸ்:
ஒட்டுங்கள். அழிக்க எனக்குத் தெரியும்.